அனுதாபத்துக்குக் கீழே ஓர் இணைப்பு

பிறம்ரன்
12 ஜனவரி 2025

மலர்,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வியாழக்கிழமை உம்முடைய வெப்சைற்றில் "திருமதி பிறென்டா" என்ற பெயரில் முப்பது மட்டன் ரோல்ஸ் ஓடர் பண்ணியது நான்தான். வந்து வாங்கிக்கொண்டு போன வெள்ளைக்காரர் என்னோடு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓடுகிறவர். மனைவிக்குப் பிறந்தநாள் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். பாவம் பார்த்து நீர் இரண்டு ரோல்ஸ் கூடப் போட்டுக் கொடுத்தீராம். அந்த மனுசனுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. அவருக்கு நாலு கொடுத்தேன். மிச்சத்தைப் பற்றி நீர் கேட்கவேண்டாம்.

போனில் என்னை புளொக் பண்ணிவிட்டீர். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. ஒட்டாவாவில் இருக்கும் மகளிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், "டடி, உங்கட சண்டைக்குள்ள நான் வரமாட்டன்" என்கிறாள். தபால்காரரை மட்டும் உம்மால் புளொக் பண்ண முடியாது. இருபத்தாறு வருடத்தில் இதுதான் நான் உமக்கு எழுதும் முதல் கடிதம். கலியாணத்துக்கு முன் எழுதியிருந்தால், ஆறாம் வகுப்போடு நின்றவனின் கையெழுத்தைப் பார்த்து நீர் மாட்டேன் என்று சொல்லியிருப்பீர். ஆகவே கட்டி முடித்து, பிள்ளை வளர்த்து, நீர் என்னை வீட்டை விட்டுத் துரத்திய பிறகு எழுதுகிறேன்.

நான் செய்தது பிழை. ஆனால் என்ன நினைத்துச் செய்தேன் என்று நீர் ஒரு நாளும் கேட்கவில்லை. கூகிளில் சாப்பாட்டுக்கு ஆள் தேடினால் உம்முடைய பெயர் நாலாம் பக்கத்தில் கிடக்கிறது. அவ்வளவு கீழே ஒருவரும் போவதில்லை. மற்ற இடங்களில் இருந்து எத்தனை இணைப்பு உம்முடைய வெப்சைற்றுக்கு வருகிறதோ, அந்த அளவுக்குக் கூகிள் உம்மைப் பெரிய ஆளாக நினைக்கும் என்று வேலைத்தளத்தில் ஒருவன் சொன்னான். எங்கள் சனம் காலையில் பல்லுத் தீட்ட முதல் பார்க்கும் ஒரே இடம் எது? மரண அறிவித்தல் போடும் வெப்சைற். அங்கே ஒவ்வொரு அறிவித்தலுக்குக் கீழும் அனுதாபம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். எழுதினேன். "ஆழ்ந்த அனுதாபங்கள். ரோல்ஸ், பற்றீஸ், முப்பத்தோராம் நாள் சாப்பாடு" என்று போட்டு, கீழே உம்முடைய இணைப்பையும் போட்டேன். அனுதாபம் உண்மையாகத்தான் எழுதினேன், மலர். ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

இங்கே ஒரு பேஸ்மென்ற் அறையில் இருக்கிறேன். ஹீற்றர் வேலை செய்கிறது. வேறு ஒன்றும் வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டா? இல்லையென்றால் அதற்கடுத்த ஞாயிறு வரட்டா? பின்கதவால் என்றாலும் வரட்டா?

குலசிங்கம்


மோர்னிங்சைட்
18 ஜனவரி 2025

நிலக்சியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திருமதி பிறென்டாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லவும்.

நீங்கள் பகிடி விட்டு எழுதுகிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்கு முன்னால் நின்ற மனுசி பக்கத்தில் நின்றவவிடம், "ஆர் சாகினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற ஆள் உவதான்" என்று சொன்னா. என் காதில் விழவேண்டும் என்றே சொன்னா. நான் அர்ச்சனைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பதினொரு வருடம் இந்தக் கையால் சமைத்து எடுத்த பெயர் அது. பொங்கலுக்கு வரவேண்டிய இரண்டு ஓடரும் வரவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று அறிவித்தல் என்று நிலக்சி எண்ணிச் சொன்னாள். அதில் ஒன்று உங்கள் சொந்தப் பெரியப்பாவுடையது. அவருக்கும் "பற்றீஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான். அந்த நூற்று நாற்பத்து மூன்றையும் அழியுங்கோ. அறிவித்தலில் தொடர்பு நம்பர் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்து மன்னிப்புக் கேளுங்கோ. ரொறன்ரோவில் இருக்கிற ஆட்கள் என்றால் நேரில் போங்கோ. அதற்குப் பிறகு பார்ப்போம். வரட்டா என்று மூன்று தரம் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம்.

உங்கள் கொலஸ்ரரோல் குளிசை இங்கே கிடந்தது. இதோடு வைத்திருக்கிறேன். அத்தனை ரோல்ஸ் சாப்பிட்டவருக்கு அது காணாது.

யோகமலர்


பிறம்ரன்
26 ஜனவரி 2025

மலர்,

குளிசைக்கு நன்றி. இரவில் ஒன்று என்று பெட்டியில் நீர் பேனையால் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு விழுங்கினேன். வாசித்ததில்தான் கூடச் சுகம்.

ஐம்பத்தேழு வீடு முடிந்தது. மூன்று பேர் ஏசினார்கள். ஒருவர் என்னை யாரென்று தெரியாமல் அரை மணித்தியாலம் தன்னுடைய முழங்கால் வலியைச் சொன்னார். பெரியப்பாவின் மகன் மட்டும், "அப்பாவுக்குப் பற்றீஸ் எண்டால் உயிர், விடு" என்றான்.

மேல்வீட்டில் முரளி என்று ஒருவர் இருக்கிறார், இந்தியாத் தமிழர். கம்பெனிகளின் வெப்சைற்றைக் கூகிளில் முன்னுக்குக் கொண்டுவருவதுதான் அவருக்குத் தொழில். வாய் திறந்தால் சார். நான் செய்த காரியத்தைச் சொன்னேன். படிக்கட்டில் இருந்து சிரித்தார்.

"சார், கமெண்ட்ல போடுற லிங்க்ல ஒரு குறி ஒளிஞ்சிருக்கும் சார். நோ-ஃபாலோன்னு பேரு. 'இதுக்கு நான் பொறுப்பில்லை'ன்னு அந்த சைட்டே கூகிள்கிட்ட சொல்ற மாதிரி. கூகிள் பெரும்பாலும் கண்டுக்காது."

"அப்ப நான் போட்ட நூற்றிநாற்பத்திமூண்டும்?"

"வேஸ்ட் சார்."

அந்த வேஸ்ற்றுக்காகத்தான் இருபது நாளாக நான் பேஸ்மென்ற்றில் இருக்கிறேன், மலர்.

காசு கொடுத்துக் கொத்தாக வாங்கலாமோ என்று கேட்டேன். கோபிக்காதையும், கேட்டது மட்டும்தான். அது இன்னும் மோசமாம். சூதாட்டக்காரர், நாய்க்கு மருந்து விற்பவர் என்று கண்ட கண்ட இடத்தில் இருந்து இணைப்பு வரும்; கூகிள் கண்டுபிடித்தால் இன்னும் கீழே தள்ளிவிடும். சரி, எங்கள் சீலைக்கடைக்காரர் நம்முடையதைப் போட, நாம் அவருடையதைப் போட்டால்? ஒன்றிரண்டு பரவாயில்லையாம். அதையே தொழிலாக வைத்தால் அதுவும் பிடிபடுமாம். கடைகளின் விலாசப் பட்டியலில் போட்டால்? பெயரும் நம்பரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் கொஞ்சம் உதவும். ஆனால் தூக்கிவிடாது.

"அப்ப எதுதான் ஐயா தூக்கும்?" என்றேன்.

"உங்க சாப்பாட்டைச் சாப்பிட்ட யாராவது, நாலு பேர் நம்புற இடத்துல, தானா எழுதணும் சார். நீங்க கேட்டிருக்கக் கூடாது. கேட்டு வாங்கினா வேல்யூ கம்மி."

அவர் மேலே போய்விட்டார். நான் படியிலேயே இருந்து, உம்மிடம் இதுவரை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கடிதத்தில் மூன்று. புளொக் பண்ண முதல் போனில் பதினாறு. நிலக்சி மூலம் நாலு.

நேற்று ரூஜ் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். கணவர் புதுவருடத்தன்று தவறிப்போனார். ஓர் அன்ரி தனிய இருக்கிறா, பிள்ளைகள் இங்கிலாந்தில். கதவைத் திறந்து நான் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, "முந்நூறு பேர் அனுதாபம் எண்டு எழுதினவை, தம்பி. வாசலுக்கு வந்தது பத்துப் பேர் இல்லை. உள்ளுக்கை வாரும்" என்றா. தேத்தண்ணி தந்தா. அவவின் வாசலில் பனி முழங்கால் அளவுக்கு நின்றது. தள்ளிவிட்டு வந்தேன்.

குலசிங்கம்


மோர்னிங்சைட்
3 பெப்ரவரி 2025

நிலக்சியின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் வரட்டா என்று நீங்கள் கேட்கவில்லை. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும், உண்மை சொல்லுங்கோ. ரூஜில் இருந்து யூஜினி அன்ரி என்று ஒருவர் அழைத்து, கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு எண்பது பேருக்குச் சாப்பாடு கேட்டா. சனிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டு வாசல் ஒரு துளி பனி இல்லாமல் துடைத்து வைத்தது போல இருந்தது. நீங்கள் தேத்தண்ணி குடித்த வீடு இதுதானே? மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் ஓடர் எடுத்தீர்களா? அப்படியென்றால், போனதை விட இது பெரிய வெட்கம்.

வேலை கூட. பற்றீஸ் ஓரத்தை இப்போது நான்தான் மடிக்கிறேன். கை உளைகிறது.

யோகமலர்


பிறம்ரன்
9 பெப்ரவரி 2025

மலர்,

வீடு அதுதான். ஓடர் நான் எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தேத்தண்ணி குடித்த பிறகு அன்ரி கேட்டா: "முப்பத்தோராம் நாளுக்கு ஆரிட்டைச் சாப்பாடு எடுக்கலாம், தம்பி?"

"எனக்கு ஒருத்தரையும் தெரியாது, அன்ரி."

"பொய் சொல்லாதையும். நீர்தானே கீழை போட்டிருக்கிறீர்."

"அதை அழிக்கத்தான் அன்ரி வந்தனான்."

"அழியும். ஆர் வேண்டாம் எண்டது? பொறும், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்."

உம்முடைய வெப்சைற்றையும் நம்பரையும் கலண்டரில் எழுதி எடுத்த பிறகுதான் அழிக்க விட்டா. நான் என்ன செய்ய? கண்ணாடியைப் பிடுங்கவா? சமைக்கிற மனுசியோடு எனக்கு இப்போது கதை இல்லை என்று சொன்னேன். "ஏன்?" என்றா. சொன்னேன். சிரிக்கக்கூடாத வீட்டில் அவ சிரித்த சிரிப்பு எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

நூற்று இரண்டு வீடு முடிந்தது. ஒரு வீட்டில் என்னைக் குடும்பப் படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

கை உளைந்தால் இலுப்பெண்ணெய் மேல்தட்டில் இருக்கிறது, மல்லித் தூள் போத்தலுக்குப் பின்னால். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும். அந்தப் பச்சைக் கம்பளித் தொப்பியைக் காது மறையப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும். அழகு குறையாது, நான் உத்தரவாதம்.

குலசிங்கம்


மோர்னிங்சைட்
1 மார்ச் 2025

நிலக்சியின் அப்பாவுக்கு,

பனி கொட்டிய கிழமை முழுக்க நானே தள்ளினேன். அதனால் பதில் பிந்திவிட்டது என்று எழுத நினைத்தேன். உண்மை அதுவல்ல. கோபத்தில் இருந்தேன்.

இரண்டு கிழமையாகப் போன் ஓயவில்லை. மார்க்கம் ஊரில் இருந்து, ஏஜக்ஸில் இருந்து, முன்பின் தெரியாத ஆட்கள். எப்படி என்னைத் தெரியும் என்று கேட்டால் கூகிளில் பார்த்தோம் என்கிறார்கள். நிலக்சி தேடிப் பார்த்துவிட்டு, முதலாம் பக்கத்தில் மூன்றாவதாக வருகிறது என்கிறாள். நாலாம் பக்கத்தில் கிடந்தது தானாக எழும்பி நடந்து வருமா? முரளி என்று ஒரு வாத்தியாரைப் பிடித்திருக்கிறீர்கள். எங்கே வாங்கினீர்கள்? நாய்க்கு மருந்து விற்பவரிடமா? ஒரு மாதமாக நல்ல மனுசன் மாதிரி எழுதினீர்கள். நானும் நம்பிப்போய், கடிதப்பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

இன்னொன்று. எனக்கு இருமல் என்று உங்களுக்கு யார் சொன்னது? நிலக்சிக்கே நான் சொல்லவில்லை.

யோகமலர்


பிறம்ரன்
6 மார்ச் 2025

மலர்,

எங்கள் மகளின் மேல் ஆணை, நான் ஒன்றும் வாங்கவில்லை. உம்முடைய கடிதத்தை அப்படியே முரளியிடம் கொண்டுபோனேன். நாயைப் பற்றிய வரியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டேன். அவர் கம்பியூற்றரில் எதையோ தட்டி, உம்முடைய வெப்சைற்றுக்கு எங்கே இருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்று பட்டியல் எடுத்தார். புதிதாக வந்தது ஒன்றே ஒன்று.

அது மரண அறிவித்தல் வெப்சைற்றில் இருந்துதான். பயந்துபோனேன். ஆனால் அனுதாபப் பகுதியில் இல்லை. முப்பத்தோராம் நாள் முடிந்து குடும்பத்தார் போடும் நன்றி நவிலலுக்குள் இருக்கிறது. யூஜினி அன்ரி எழுதிக் கொடுத்ததை அவர்கள் அப்படியே போட்டிருக்கிறார்கள். வழமையாக வரும் வரிதான்: மலர்வளையம் வைத்தோருக்கும், உணவளித்தோருக்கும். அதற்குக் கீழே:

"என் கணவர் போனபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோராம் நாள் யோகமலர் கொண்டுவந்த கத்தரிக்காய்க் கறியோடுதான் ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டேன். அவவுக்கு நன்றி."

உம்முடைய பெயரில்தான் இணைப்பு. அதை அமத்தினால் நேரே உம்முடைய அடுப்படிக்கு வருகிறது.

"இதான் சார் நான் சொன்னது. பெரிய சைட்டு, டெய்லி நம்மாளுங்க பார்க்கிறது. எழுத்துக்கு நடுவுல இருக்கு, அந்தக் குறியும் இல்லை. நீங்க போட்ட நூத்தி நாப்பத்தி மூணும் சேர்ந்து இந்த ஒண்ணுக்கு ஈடாகாது," என்றார் முரளி. "யாருகிட்டயாவது கேட்டு வாங்கினீங்களா?"

"இல்லை, நான் அழிக்கத்தான் போனனான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

நூற்று நாற்பது வீடு முடிந்தது, மூன்றுதான் மிச்சம். அன்ரியைக் கேட்டுப் பாரும். நம்பர் உம்மிடம் இருக்கும்.

இருமல் சும்மா ஓர் ஊகம். குளிர்காலம்தானே.

குலசிங்கம்


மோர்னிங்சைட்
15 மார்ச் 2025

நிலக்சியின் அப்பாவுக்கு,

அன்ரியோடு கதைத்தேன். ஒரு மணித்தியாலம் கதைத்தா.

முப்பத்தோராம் நாள் காலையில் இருந்து கதிரை அடுக்கியதும், வாசலில் பனி தள்ளியதும் நீங்கள் என்று சொன்னா. என்னுடைய கார் திரும்புவதைக் கண்டவுடன் பனி தள்ளும் சவளையும் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் ஓடி ஒளித்ததையும் சொன்னா. "ஐஞ்சு நிமிசம் கதவிலை காதை வைச்சுக்கொண்டு நிண்டது, பிள்ளை. நான் அந்தாளைக் காட்டிக்குடுக்கேல்லை" என்றா. நான் அந்தக் கராஜ் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவவோடு கதைத்தேன், இருமினேன், தட்டங்களை இறக்கினேன். ஏன் ஒளித்தீர்கள்? சாப்பிட்டீர்களா?

நான் உங்கள் மேல் வைத்த பழி பிழை. எழுதிவிட்டேன். திருப்பிச் சொல்லக் கேட்காதீர்கள்.

பற்றீஸ் ஓரத்தை நீங்கள் முள்ளுக்கரண்டியால் அமத்தினால் எப்போதும் கோணல். கோணலாக இருந்தால்தான் கையால் செய்தது என்று தெரியும் என்று எனக்குப் பதில் சொல்வீர்கள். இப்போது எல்லா ஓரமும் நேராக இருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்கவில்லை. நான்தான் சொல்கிறேன்: வாங்கோ. 29ஆம் திகதி சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. முன்கதவால். கோயிலுக்கும் அன்றைக்கே போவோம், அந்த மனுசி பார்க்கட்டும். வர முதல் மிச்சமிருக்கும் மூன்று அனுதாபத்தையும் அழித்துவிட்டு வாங்கோ.

போனில் புளொக்கை எடுக்கமாட்டேன். கடிதத்தில்தான் நீங்கள் ஒழுங்காகக் கதைக்கிறீர்கள்.

மலர்


பிறம்ரன்
23 மார்ச் 2025

மலர்,

உம்முடைய கடைசி வரியில் "மலர்" என்று மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடமாக நான் கூப்பிடும் பெயர், உம்முடைய கையெழுத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். முரளிக்கும் காட்டினேன். "சூப்பர் சார்" என்றார்.

ஏன் ஒளித்தேன் என்று கேட்டீர். நான் முன்னுக்கு வந்திருந்தால் நீர் தட்டங்களைத் திருப்பிக் காரில் ஏற்றியிருப்பீர். எண்பது பேர் பட்டினி. கதவுக்கு இந்தப் பக்கம் சவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீர் இருமினீர். பிறகு, "கவனம் அன்ரி, தட்டம் சுடும்" என்றீர். அவ்வளவுதான் கேட்டது. பெப்ரவரி முழுக்க அதை வைத்துக்கொண்டு சமாளித்தேன். ஃபோர்க்லிஃப்ற்றில் இருந்து, கவனம் அன்ரி, தட்டம் சுடும் என்று எனக்குள்ளே சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் நின்றவன் ஒரு மாதிரிப் பார்த்தான்.

சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கறியில் உப்பு ஒரு சொட்டுக் குறைவு. உப்புப் பார்க்க ஆளில்லாமல் சமைத்திருக்கிறீர்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்துவிடுவேன். நானூற்றியொன்று ஹைவேயில் நெரிசல் இருக்கும், ஆகவே பன்னிரண்டுக்கே வெளிக்கிடுகிறேன். முந்தி வந்தால் மூன்று மணி வரைக்கும் காருக்குள் இருப்பேன். மாவை மட்டும் குழைத்து வையும். ஓரம் என்னுடைய பொறுப்பு.

ஒரு சின்ன விஷயம். மிச்சம் மூன்றையும் அழிக்கச் சொல்லி நேற்றுக் காலை அந்த வெப்சைற்றில் ஒரு படிவம் நிரப்பினேன். முரளி வீட்டில் இல்லை. பெயர் கேட்டது, குலசிங்கம் என்று போட்டேன். பிறந்த இடம், வதிவிடம் கேட்டது, போட்டேன். மனைவியின் பெயர் கேட்டது. யோகமலர் என்று எழுதினேன். அது தானாகவே முன்னுக்கு "அன்பு மனைவி" என்று போட்டுக்கொண்டது. நல்ல படிவம் என்று நினைத்தேன். படம் கேட்டது. நிலக்சியின் பட்டமளிப்புக்குக் கோட் போட்டு எடுத்ததைக் கொடுத்தேன். பின்னேரம் அவர்களின் அலுவலகத்தில் இருந்து ஒரு பிள்ளை அழைத்து, "குலசிங்கம், பிறம்ரன். விபரம் எல்லாம் சரியோ?" என்று கேட்டது. "ஓம், எல்லாம் சரி" என்றேன். "ஆழ்ந்த அனுதாபங்கள், ஐயா" என்றது. "ஓம், மூண்டு" என்றேன்.

இன்று காலை என்னுடைய அறிவித்தல் வெளிவந்திருக்கிறது. படம் நன்றாக விழுந்திருக்கிறது. எடுக்கச் சொல்லித் தகவல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைதான் அலுவலகம் திறப்பார்களாம். இந்தக் கடிதம் வந்து சேர முதல் ஆட்கள் வீட்டுக்கு வந்தால், நான் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லும். இதுவரை முப்பத்தெட்டுப் பேர் அனுதாபம் எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டாவது ஆள் ஒரு கேற்றறிங்காரர். கீழே தன்னுடைய இணைப்பைப் போட்டிருக்கிறார். நான் பார்த்தேன், அது நோ-ஃபாலோதான். உமக்குப் பாதிப்பில்லை.

குலசிங்கம்